தலைமாட்டுச் சுவர்

"ஐயோ அண்ணி! அப்பா படத்தைப் போய்த் தலைகீழா மாட்டி வெச்சிருக்கீங்களே!"

ரேவதி இன்னும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. சென்னையிலிருந்து பிள்ளையார்பாளையத்துக்கு வந்ததும் வராததுமாக இந்தக் கண்றாவியையா பார்க்க வேண்டும்?

அப்பா மாணிக்கவேல் ஒரு காலத்தில் டெல்லி, பம்பாய் என்று கண்காட்சி வைத்த ஓவியர். மனுஷன், மரம், மாடு எதுவும் வரைய மாட்டார். வெறும் நிறம்தான். ஊரே சிரித்தது. மற்ற படமெல்லாம் விற்றுப்போய் வீட்டில் மிச்சம் இந்த ஒன்றுதான். மேலே மஞ்சள் வட்டம், கீழே பரந்து கிடக்கும் அரக்கு. இப்போது அரக்கு மேலே போய், வட்டம் கீழே கிடந்தது.

"இல்ல ரேவதி, அது வந்து..." தறியை விட்டு எழுந்து வந்தாள் அண்ணி வடிவாம்பாள்.

"பேசாதீங்க அண்ணி! இடுப்பு ஒடிஞ்சு படுத்துக்கினு இருக்கிறவரு, கேக்கவா போறாருன்னு அலட்சியம். போன தடவையும் இப்படித்தான். வடக்கே தலை வெச்சுப் படுக்க வெச்சிருந்தீங்க. நான் வந்துதானே கட்டிலைத் திருப்பிப் போட்டேன்?"

ரேவதி பையைத் தொப்பென்று கீழே வைத்தாள்.

"இனிமே இது இங்க வேணாம். சாயங்காலம் நானே எடுத்துக்கினு போறேன்."

அண்ணியின் முகம் சட்டென்று வாடிவிட்டது. "வேணாம் ரேவதி. நாள் பூரா அதைப் பார்த்துக்கினுதாம்மா மாமா படுத்திருக்காரு."

"தலைகீழாவா?"

ஸ்டூலைப் போட்டு ஏறிப் படத்தை நேராக மாட்டிவிட்டு இறங்கினாள் ரேவதி. அப்பாவுக்குக் காது மந்தம். இத்தனை சத்தத்திலும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

ஸ்டூலை ஓரமாகப் போடும்போது கட்டிலில் இடித்துவிட்டது. அப்பா கண் விழித்தார். மகளைக் கவனிக்கவில்லை. வழக்கம்போல, படுத்தபடியே அண்ணாந்து தலைமாட்டுச் சுவரைப் பார்த்தார்.

"ஏம்மா வடிவு," என்றார் கவலையாக. "கட்டிலைத் திருப்பினப்புறம் நீதானே எனக்கு நேராத் தெரியறாப்பல மாட்டி வெச்சே? இப்போ யாரு அதைத் தலைகீழா ஆக்கினது?"

ரேவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டிலைத் திருப்பியது தான்தான். முன்பு கால்மாட்டில் இருந்த சுவர் அன்றைக்குத்தான் தலைமாட்டுக்கு வந்தது. படுத்தபடி அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படம் தலைகீழாகத்தான் தெரியும் என்று அவள் யோசிக்கவேயில்லை.

"அப்பா, அது..." என்று அவள் தொடங்குவதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள்.

"நான்தான் மாமா. தூசி தட்டிட்டு மாத்தி மாட்டிட்டேன். இதோ, சரி பண்ணத்தான் உங்க பொண்ணு ஸ்டூலோட நிக்குது!"