விதுர்ஷா விட்டுக்கொடுக்காத வரி

விதுர்ஷா மூன்றாவது முறையாகவும் பேனையை மேசையில் வைத்துவிட்டாள்.

சமையல் நடக்கிற குசினியின் யன்னலால் தவசீலன் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தப் பிள்ளைக்கு என்ன பிடித்திருக்கிறது?

அன்று செவ்வாய்க்கிழமை. பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் அவர் வேலை செய்கிற சாப்பாட்டுக் கடைக்குப் பூட்டு, சமையல்காரரான அவருக்கும் லீவு. ஆனாலும் முதலாளியிடம் திறப்பை வாங்கிக்கொண்டு காலையிலேயே வந்து அடுப்பை மூட்டிவிட்டார். பெண்கள் முதலாம் பிரிவில் விளையாடுகிற ஒரு கால்பந்துக் கழகம், இதே கடையில் கோப்பை கழுவுகிற ரதிதேவியின் மகள் விதுர்ஷாவைத் தேடி வருகிறது. வருகிறவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புவதா?

பதினேழு வயது. முதலாவது தொழில்முறை ஒப்பந்தம். நினைக்க நினைக்க அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

எட்டு வருடத்துக்கு முன் ரதிதேவி இந்தக் குசினியில் நின்றுதான் அழுதாள். தகப்பன் இல்லாத பிள்ளை, சனிக்கிழமைகளில் திரான்சியில் இருக்கிற வீட்டிலிருந்து மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போக ஆளில்லை, விளையாட்டை நிற்பாட்டத்தான் வேண்டும் என்றாள்.

தவசீலனுக்குக் கிழமையில் இரண்டு நாள் லீவு, சனியும் செவ்வாயும். சனியை அவளுக்குக் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து சனிக்கிழமை அவள் மகளோடு மைதானத்தில், அவர் அவளுக்குப் பதிலாகக் கோப்பை கழுவிக்கொண்டு கடையில். அதைப் பெரிய விஷயமென்று அவர் நினைத்ததே இல்லை. ஞாயிறு காலையில் வெட்டுப்பலகையில் வெங்காயத்தையும் தக்காளியையும் பரப்பி, மகள் கோல் அடித்த விதத்தை ரதிதேவி காட்டுவாள். போனில் பிடித்த படங்கள் உதவாது. கோல் விழுகிற நேரம் பார்த்துத் தாய் துள்ளிவிடுவாள், புல்லுத்தான் தெரியும்.

பலகையில் மகள் எப்போதும் பச்சை மிளகாய். அந்த மிளகாய் எந்த வெங்காயத்தைச் சுற்றிக்கொண்டு போய் எங்கே திரும்பினதென்று கேட்டால், அவர் இன்றைக்கும் பிசகாமல் சொல்லுவார்.

முதல் ஒப்பந்தத்தில் பேரம் பேசப் பெரிதாக ஒன்றும் இல்லையாம். சம்பளம் முன்கூட்டியே எழுதி வைத்த அளவு. தங்குமிடமும் படிப்பும் கழகத்தின் பொறுப்பு. விதுர்ஷா பக்கத்து வக்கீல் டேமியன், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெடியன், வந்தவுடனேயே விளங்கப்படுத்தினான்: அரை மணித்தியால வேலை.

இப்போது இரண்டரை மணித்தியாலமாகிறது.

ஆறு மணிக்குள் ஒப்பந்தப் பதிவு போகாவிட்டால் கழகத்தில் அந்த இடம் இன்னொரு பிள்ளைக்கு. மணி ஐந்தே முக்கால்.

தேத்தண்ணி எடுக்க உள்ளே வந்த ரதிதேவியை மறித்துக் கேட்டார். மகள் ஆசைப்பட்ட பத்தாம் நம்பர்ச் சட்டையைக்கூட விட்டுக்கொடுத்துவிட்டாளாம். ஒரே ஒரு வரியில்தான் பிடிவாதமாக நிற்கிறாளாம். கழகத்து மதாமோ, அப்படியொரு வழக்கம் எங்களிடம் இல்லை, ஒருத்திக்குச் செய்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள் என்கிறாவாம்.

அது என்ன வரியென்று கேட்டார். ரதிதேவி அவருடைய முகத்தைப் பாராமலே தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வேறென்ன, காசாய்த்தான் இருக்கும். அதற்குள்ளேயே தலைக்கனம் வந்துவிட்டதோ? எட்டு வருடம் மழையிலும் குளிரிலும் ஓடின ஓட்டம் ஒரு வரியால் பாழாய்ப் போகப் போகிறதே என்று அவருக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஐந்து ஐம்பது. அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை. எண்ணெய்க் கரண்டியோடு, ஏப்ரனோடு, நேரே மேசைக்குப் போய்விட்டார்.

“பிள்ளை, கேட்டது காணும், போதும். அந்த வரியை விட்டிட்டுக் கையெழுத்தை வையம்மா. மாமா சொல்லுறன்.”

விதுர்ஷா தலையைக் குனிந்துகொண்டாள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

இந்த ஆள் யாரென்று மதாம் கேட்டா. டேமியன் பிரெஞ்சில் விறுவிறென்று என்னவோ சொன்னான், சனிக்கிழமை என்றது மட்டும்தான் அவருக்கு விளங்கியது. மதாம் அவருடைய ஏப்ரனைப் பார்த்தா, கரண்டியைப் பார்த்தா. பிறகு பேனையைத் தானே எடுத்து, கடைசித் தாளின் ஓரத்தில் ஒரு வரி எழுதி, பக்கத்தில் சின்னதாய் ஒரு கையெழுத்தும் வைத்தா.

விதுர்ஷா வைத்தாள். தாயும் வைத்தாள். ஐந்து ஐம்பத்தேழுக்கு டேமியன் தாள்களைப் படமெடுத்து அனுப்பிவிட்டான்.

தவசீலனுக்கு அப்பாடா என்றிருந்தது. தன் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்துப் பிள்ளை இறங்கி வந்துவிட்டாளே என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

இறங்கி வந்துவிட்டாள் என்றால், மதாம் எழுதினது என்ன?

கேட்டார். டேமியன் தாளைப் பார்த்து, தன் தட்டுத்தடுமாறும் தமிழில் சொல்லுச் சொல்லாக வாசித்தான்.

“வெளி ஆக்களை விடாத பயிற்சிக்கு... ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும்... திரு தவசீலன் மட்டும் வந்து பார்க்கலாம்.”

குசினியில் எண்ணெயில் விட்டுவந்த றோல்ஸ் கருகுகிற மணம் வந்தது. அவர் கரண்டியைப் பிடித்தபடியே நின்றார். நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று மட்டும் கேட்டார்.

எட்டு வருடமாக அவளுடைய ஒவ்வொரு கோலையும் மனப்பாடமாக வைத்திருந்தவர், அவள் பந்தை உதைத்ததை ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை.