வெண்ணெய் சுமந்த கழுதை

மேடையில் நின்று, என் புத்தகத்தைத் தன் புத்தகம் என்று வாசித்துக்கொண்டிருந்தார் தலைமைப் பதிப்பாசிரியர்.

எனக்கு முன்வரிசையில் நாற்காலி. அவரே சொல்லிப் போட வைத்தாராம். நான் உட்கார்ந்து வயிறெரிய வேண்டும் என்று அவருக்கு ஆசை.

‘புர்ரோ’ என்ற ஒரே சொல்லைத் துரத்திக்கொண்டு பதினோரு வருடம் அலைந்தவள் நான். ஓயாமல் சொற்குறிப்புச் சீட்டு எழுதி அடுக்கியதில், அகராதி அலுவலகத்தில் எனக்குச் சீட்டக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. கடைசிச் சீட்டை எழுதிய மாதமே ஆட்குறைப்பு என்று வீட்டுக்கு அனுப்பினார். சீட்டுப் பெட்டிகள் அவர் அறைக்குப் போயின.

இத்தாலிக்காரருக்குப் புர்ரோ என்றால் வெண்ணெய். ஸ்பெயின்காரருக்குக் கழுதை. போர்ச்சுகலில் கழுதையோடு முட்டாளையும் அப்படித்தான் திட்டுவார்கள். வெண்ணெய்ச் சொல் கிரேக்கத்தில் பிறந்தது. கழுதைச் சொல், லத்தீனில் குட்டைக் குதிரைக்கு இருந்த பெயரிலிருந்து வந்தது. இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை என்றுதான் இதுவரை அகராதிகள் சொல்லிவந்தன.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்துப் படியில் வேண்டுமென்றே ஒரு பொய்யை ஒளித்து வைப்போம். திருடுகிறவன் அதையும் சேர்த்துத் திருடி மாட்டிக்கொள்வான்.

ஆட்குறைப்புப் பேச்சு காதில் விழுந்த அன்றே நானும் ஒன்று வைத்தேன். அவரும் அதே தொழில்தானே? சல்லடை போட்டுத் தேடியிருப்பார்.

“ஒரு மடாலத்துச் சமையல்காரர் எழுதின கடிதம் கிடைச்சிருக்கு. மலையிலிருந்து வெண்ணெய் சுமந்து வந்த கழுதைக்கு வெண்ணெய் பேரே நிலைச்சுப்போச்சு. ரெண்டும் ஒரே சொல்தான்! இது என்னோட கண்டுபிடிப்பு” என்றார்.

ஆண்டு, அலமாரி எண், பக்க எண் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார். அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். ஆவணக் காப்பகத்திலிருந்து வந்திருந்த அம்மையார் எண்ணைக் கவனமாகக் குறித்துக்கொண்டார்.

பிறகு பதிப்பாசிரியர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏதோ ஒரு கடலோர ஊர்ல மீனவங்க செவ்வானத்தைப் புர்ரோன்னு சொல்றாங்களாம். ஊர் பேரும் இல்ல, ஆதாரமும் இல்ல. இது மட்டும் நம்ம சீட்டக்கா சொன்னது. மறக்காம அவங்க பேரைப் போட்டிருக்கேன். சந்தேகம் வந்தா அவங்களையே கேளுங்க.”

விஷயம் புரிந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த பிழைதிருத்துநர் பாவம், என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

முந்நூறு பக்கத்தில் அந்த ஒரு வரிக்கு மட்டும் என் பெயர்.

நான் எழுந்து நின்று கைதட்டினேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு வயிறு குளிர்ந்தது.

அந்த மீனவர்களோடு படகில் உட்கார்ந்து அந்தச் சொல்லை நானே காதால் கேட்டேன். பதினேழு பேரின் குரல் ஒலிநாடாவில் பத்திரமாக இருக்கிறது. செந்நிறத்துக்கு லத்தீனில் இருந்த பழைய சொல் இன்னும் ஒரு கரையில் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. சீட்டிலிருந்து ஊர்ப் பெயரைக் கிழித்தெடுத்ததும் நான்தான்.

மடாலத்தை, அடுப்பில் பால் பொங்குவதற்குள், சமையலறையில் உட்கார்ந்து நானே கட்டினேன். அலமாரி எண் உட்பட.