பதினோராம் பக்கம்

"அந்தப் பதினோராம் பக்கத்த மட்டும் மாத்திக் குடுங்க ஆன்ட்டி. வேற எதுவும் வேண்டாம்."

வந்தவன் நாலு பப்பாளிப் பழங்களை மேஜையில் வைத்துவிட்டு, நின்றுகொண்டே சொன்னான். ஹவாய்த் தீவின் ஹிலோ ஊரில் யாரும் யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போவதில்லை. பழத்தைப் பார்த்துச் சிரித்த நோஹேயா, பேச்சைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தாள்.

இவன் மூன்றாவது ஆள். குழந்தைகளுக்காக ஹவாய் மொழியில் படக்கதை எழுதி, படமும் தானே வரைகிறவள் அவள். நெருப்பு மலையில் வாழும் பெலே அம்மனுக்கு இத்தனை கோபம் ஆகாது என்று ஒரு பாதிரியார் வந்தார். முடிவில் ஒரு வானவில்லைப் போடச் சொல்லிப் பதிப்பகத்திலிருந்து ஒருவர் வந்தார். இப்போது இவன்.

"உம் பேரென்ன தம்பி?"

"கமுவேலா. மேல மக்கடேமியாக் கொட்டைத் தோட்டத்துல வேலை."

"கமுவேலா, அது நான் கட்டுன கதை இல்ல. ஆசைப்பட்டவன் கிடைக்கலன்னு பெலே அந்த ஓஹியாவ மரமாக்கிட்டா. அவன் பொண்டாட்டி லெஹுவா அழுத அழுகையப் பாத்து, மத்த தெய்வங்க அவள அதே மரத்துல பூவா வெச்சாங்க. பூவப் பறிச்சா ரெண்டு பேரும் பிரிஞ்சு அழுவாங்க, மழை கொட்டும். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இதுல நான் எதை மாத்த?"

"தெரிஞ்சதுதான் ஆன்ட்டி வினையாப் போச்சு."

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"எம் பொண்ணு ஹலியா. எட்டு வயசு. மார்ச் மாசம் ஒருநாள் காலைல, மலை ஏறும்போது ரெண்டு பூவப் பறிச்சிட்டா. அம்மாவுக்குக் குடுக்கணும்னு ஆசை. மத்தியானம் மழை புடிச்சுது. வேலை விட்டு வந்த அவ அம்மாவக் காரோட ஓடைத் தண்ணி இழுத்துட்டுப் போயிடுச்சு."

அந்த வெள்ளம் நோஹேயாவுக்கு நன்றாக நினைவிருந்தது. இரண்டாம் நாள் கடலோரத்தில் கார் கிடைத்த செய்தியும் நினைவிருந்தது. ஏறும்போது லெஹுவாவைத் தொடக் கூடாது; இறங்கும்போது பறிக்கலாம், அதுவும் மரத்திடம் கேட்டுவிட்டு. தீவில் பிறந்த எல்லோருக்கும் இது பாலோடு ஊட்டிய சங்கதி.

"மரத்துக்கிட்டக் கேட்டுட்டாவது பறிச்சாளா?"

கேட்ட பிறகு தன் வாயில் தானே அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது அவளுக்கு.

"இல்ல. ஏதோ அவசரம்." அவன் தரையைப் பார்த்தான். "சாப்பாடு இறங்கல. தூக்கம் இல்ல. தூறல் விழுந்தாப் போதும், வெளிய போய் நனைஞ்சுக்கிட்டே நிக்கிறா. புயல் வரும்னு ரேடியோல முந்தின நாளே சொன்னாங்களேன்னு எத்தனையோ பேர் சொல்லியாச்சு. காதுல ஏறல. உங்க புத்தகத்துல இருந்தா நம்பிக்கை வரும். ஒரே ஒரு புத்தகம் போதும் ஆன்ட்டி."

"பொய் எழுதி எனக்குப் பழக்கமில்ல தம்பி. செத்துப்போன பெரியவங்க எல்லாம் என் தலைமாட்டுல வந்து நிப்பாங்க."

அவன் வாதாடவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினான். கொடியில் காயப்போட்டதுபோல் சட்டை அவன் உடம்பில் தொங்கியது. பெண்டாட்டியும் போய், பிள்ளையும் இப்படி ஆனால் மனுஷன் எப்படித் தேறுவான்? நோஹேயாவுக்குத் தாங்கவில்லை.

"சனிக்கிழமை வர்றேன். வீடு எங்கன்னு சொல்லிட்டுப் போ."

மூன்று நாள் வேறு வேலை பார்க்காமல் வரைந்தாள். கதையில் அவள் கை வைக்கவில்லை. இரண்டு பேர் அழுதால் எவ்வளவு தண்ணீர் வந்துவிடும் என்று மட்டும் யோசித்தாள். எழுதி முடித்தபோது அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

சனிக்கிழமை கதவைத் திறந்த ஹலியாவுக்கு முன்பல் இரண்டும் இல்லை. வாய் நிறைய மலசாடாப் பணியாரம், கன்னமெல்லாம் சர்க்கரை.

"நீங்கதான் புஸ்தக ஆன்ட்டியா? உங்க மீனுக்கு ஏன் ஒரு கண்ணுதான் போட்டீங்க?"

"அது பக்கவாட்டுல நிக்குதும்மா. இன்னொரு கண்ணு அந்தப் பக்கம் இருக்கு."

"அந்தப் பக்கம் திருப்பினா ஆமைதான் இருக்கு."

துக்கம் பிள்ளைகளிடம் எங்கெங்கோ போய் ஒளிந்துகொள்கிறது என்று நோஹேயா நினைத்துக்கொண்டாள். கமுவேலா உள்ளே வரவில்லை. வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்று புல்வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

அவள் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, பதினோராம் பக்கத்தின் மேல் ஒட்டியிருந்த புதுப் பக்கத்தைத் தாழ்ந்த குரலில் படித்தாள்.

"லெஹுவா சொன்னாள்: எங்கள் கண்ணீர் ஓர் இலையை நனைக்கும், அவ்வளவுதான். ஓடையை நிரப்பும் மழை கடலிலிருந்து வருகிறது. அது எங்களைக் கேட்டு வருவதில்லை. என்னைப் பறித்த கையின் மேல் எனக்குக் கோபமில்லை. அது அன்புக்காகப் பறித்த கை."

ஹலியா மெல்லுவதை நிறுத்தினாள். சர்க்கரை விரலைப் பாவாடையில் துடைத்துவிட்டு அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு, நோஹேயாவின் காதோடு சொன்னாள்.

"இன்னொரு தடவை சத்தமாப் படிங்க ஆன்ட்டி, அப்பாவுக்குக் கேக்கட்டும். பூவப் பறிச்சது அவர்தான்; நான் அன்னிக்கு ஸ்கூல்ல இருந்தேன்."