இடப்பக்கத்து இருக்கை

உதியன்குளங்கரை ஒர்க்‌ஷாப்பில், பழையதாக வாங்கிய என் ஜீப் மாலை வெயிலில் வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. மலைப்பாதைக்கென்று முந்தைய சொந்தக்காரர் அதை இடுப்புயரம் தூக்கிவைத்திருக்கிறார். அந்த உயரத்தில் மயங்கித்தான் வாங்கினேன். மனைவி விமலகுமாரியிடம், இனி வெள்ளறடையிலுள்ள உன் தங்கை வீட்டுக்கு பஸ்ஸில் இடிபட வேண்டாம் என்றேன். மெக்கானிக் சஜி வலது ஸ்பிரிங்கின் மேல் ஒரு வளையத்தைச் செருகி ஜாக்கியை இறக்குகிறான். ஆள் ஏறினால்தான் மட்டம் தெரியுமாம். நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறுகிறேன், ஜீப் முனகுகிறது. “சாரே, பாதிச் சாய்வு உங்க வயிறாக்கும். சேச்சி, நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க” என்று சஜி விமலகுமாரிக்கு இடப்பக்கத்தைக் காட்டுகிறான். விமலகுமாரி சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலை உயர்த்துகிறாள். படி நெஞ்சளவில் இருப்பதுபோல் பார்க்கிறாள். மறுபடி உயர்த்தி, முழங்காலைப் பிடித்துக்கொள்கிறாள். “முட்டு மடங்கல்ல. நீங்க போங்க, நான் பஸ்ஸுல வாறேன்” என்று குடையை எடுத்துக்கொள்கிறாள். கோபம்கூட இல்லை. சஜி ஒரு சிமெண்ட் மூட்டையைத் தூக்கி அவள் இருக்கையில் வைத்து, பெல்ட்டும் போட்டுவிடுகிறான். தள்ளி நின்று ஒற்றைக் கண்ணால் பார்க்கிறான். “இப்ப நல்ல மட்டமாக்கும், சாரே.” ஜீப்பின் பக்கக் கண்ணாடியில், பஸ் நிறுத்தத்தை நோக்கி விமலகுமாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடக்கிறாள்.