எருமை வீடு திரும்பும் நேரம்

அவள் வேண்டுமென்றே குழாயைத் திறந்துவிட்டாள்.

வாளி நிரம்பியது. தண்ணீர் வழிந்து பின்கட்டின் சிமெண்ட் தரையில் ஓடியது. அவள் மூடவில்லை. ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாசலில் அண்ணனின் கார் நின்றது. அப்பாவின் பெட்டி டிக்கியில் ஏறிவிட்டது. இன்று முதியோர் இல்லத்தில் சேர்ப்பதாகப் பேச்சு.

"நீ யாருன்னே அவருக்குத் தெரியல. இனிமே எங்க இருந்தா என்ன?" என்று அண்ணன் கேட்டிருந்தான்.

"என்னைத் தெரியும். கொஞ்ச நேரம் குடு. கூப்பிட வைக்கிறேன்" என்று அடித்துச் சொல்லியிருந்தாள்.

அப்பா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எருமைதான்.

மெதுவாக நடந்தால் எருமை. ஓடிப்போய் விழுந்தாலும் எருமை. திட்டு வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றால், எருமைத் தோல். கணக்கில் கோட்டைவிட்டால், "எருமை மாடு வயசாச்சு, இன்னும் வகுத்தல் வரல." பள்ளிக்கூட வாசலில், தோழிகள் முன்னால் அப்படிக் கூப்பிட்டபோது செத்துப்போகலாம் போல இருந்தது.

டைபாய்டில் அவள் கண் திறக்காமல் கிடந்தபோது, தலைமாட்டை விட்டு நகராமல் "எருமை, கண்ணைத் தொறடி" என்று கெஞ்சியதும் அதே வாய்தான்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு "எருமைய நல்லாப் பாத்துக்கங்க" என்றார். பந்தியைக் கவனிக்கிற சாக்கில் போய்விட்டார்.

அவள் வந்து தங்கியிருக்கும் இந்த ஒரு மாதமாக "வாங்கம்மா", "உக்காருங்க", "சாப்ட்டீங்களா?"

ஒவ்வொரு 'ங்க'வும் கன்னத்தில் அறைகிற மாதிரி இருந்தது.

ஆளில்லாத அறையில் ஃபேனையும் லைட்டையும் போட்டுவிட்டாள். ஃபிரிட்ஜைத் திறந்துபோட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு ஹாலுக்குள் நடந்தாள். முன்பெல்லாம் இதில் ஒன்றைச் செய்தால் போதும், அவர் கத்துவது தெருமுனை வரைக்கும் கேட்கும்.

வெளியே ஹாரன் அடித்தது.

திட்டுங்கப்பா. ஒரே ஒரு தடவை.

அப்பா நிமிர்ந்தார். தண்ணீரைப் பார்த்தார். புருவம் சுருங்கியது. உதடு அசைந்தது.

அவள் ஓரடி முன்னால் நகர்ந்தாள்.

அவர் மெல்ல எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், குழாயை மூடினார்.

"பரவால்லைங்க. ஏதோ ஞாபகத்துல விட்டிருப்பீங்க."

அவ்வளவுதான். தோற்றுவிட்டாள். அண்ணனை உள்ளே கூப்பிட வாசல் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க."

அப்பா கிட்டே வந்து, ரகசியம்போல் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வீட்லயும் ஒரு எருமை இருக்குங்க. இப்படித்தான், குழாயத் தொறந்து போட்டுட்டுப் போயிரும். இன்னும் வீடு வந்து சேரல. அதான் நான் எங்கயும் போகாம உக்காந்திருக்கேன். வழியில பாத்தீங்கன்னா வரச் சொல்லுங்க. அப்பா திட்ட மாட்டேன்னு சொல்லுங்க."

"சொல்றேங்க" என்றாள். வாசலுக்குப் போனாள்.

காரில் சாய்ந்து நின்ற அண்ணன் அவளைக் கண்டதும் நிமிர்ந்தான்.

"கூப்பிட்டாரா?"

அவள் டிக்கியைத் திறந்து பெட்டியை இறக்கினாள். அவன் என்னவோ சொல்லிக்கொண்டே பின்னால் வந்தான். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

படியில் கால் வைக்கும்போதே சத்தமாகச் சொன்னாள்.

"அப்பா, வந்துட்டேன்."

செருப்பைக் கழற்றாமல் உள்ளே போனாள்.