படிக்கிற பழக்கம்

“ஒரு நாளைக்கு எத்தினை மணித்தியாலம் படிப்பீங்கள் எண்டு இவளுக்கு ஒருக்காச் சொல்லுங்கோ, பிள்ளை” என்றாள் கத்தரீனா.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மகள் ஸ்ரெபானியைக் கூட்டிக்கொண்டு, டென்மார்க்கின் இக்காஸ்டிலிருந்து பக்கத்து ஊரான பிராண்டேயில் அஜந்தினி வீட்டுக்கு வந்திருந்தாள். ஸ்ரெபானி ஒன்பதாம் வகுப்பு. பன்னிரண்டுக்கு ஏழாக இருந்த கணிதப் புள்ளி நாலாகி, இப்போது இரண்டில் நின்றது. ஆர்ஹுஸில் மருத்துவம் படிக்கும் அஜந்தினி சொன்னால் கேட்பாள் என்று தாய்க்கு நம்பிக்கை.

“மணித்தியாலத்தை எண்ணி வேலையில்லை, அன்ரி. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்குப் படிக்க இருக்கவேணும். ஃபோன் வேற அறையிலை கிடக்கவேணும். படிச்சதைப் புத்தகத்தை மூடிப்போட்டு எழுதிப் பாக்கவேணும்” என்ற அஜந்தினி, ஸ்ரெபானியின் பக்கம் திரும்பினாள். “விளங்காட்டி அண்டைக்கே ஆரிட்டையாவது சொல்லிப்போடு. ஒரு கிழமை விட்டியெண்டால் பிறகு வாய் வராது.”

ஜன்னலோரம் இருந்த அஜந்தினியின் தகப்பன் ஆனந்தராஜா நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

“மூண்டு வருசமாய் ஒரு நாள் பிந்தினதில்லை, கத்தரீனா” என்றாள் அவர் மனைவி தங்கமலர். “காலமை இருட்டோடை ரெயின். வைலேயிலை இறங்கி மாறவேணும். வந்தவுடனை கதவைச் சாத்திப்போட்டுப் படிப்புத்தான்.”

“காணுமப்பா, விடு” என்றார் ஆனந்தராஜா.

“பாத்தியளே? பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கதைக்க விடமாட்டார். அவரும் சொல்லமாட்டார்.”

“பிள்ளைக்குக் கண்ணூறு பட்டிடும் எண்டு அண்ணைக்குப் பயம்” என்று சிரித்தபடி கத்தரீனா தங்கமலரோடு குசினிக்குள் போனாள்.

தாய் போனதும் ஸ்ரெபானி டேனிஷில் மெல்லச் சொன்னாள். மூன்று மணித்தியாலம் மேசையில் இருந்தாலும் ஒன்றும் ஏறுவதில்லையாம். கடைசி இரண்டு சோதனைத் தாளையும் அம்மாவுக்குக் காட்டவில்லையாம்.

அஜந்தினி கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

“சொல்லு. இண்டைக்கே சொல்லு. அம்மா கத்துவா. கத்தி முடிஞ்சுபோம். சொல்லாமல் வைச்சிருக்கிறதுதான்…” என்றவள் முடிக்காமல் எழுந்துபோய் அடிமட்டமும் கொப்பியும் எடுத்து வந்தாள். கோடு கீறி, திங்கள் முதல் ஞாயிறு வரை அழகான எழுத்தில் நேர அட்டவணை போட்டுக் கொடுத்தாள்.

ஆனந்தராஜா எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் விடிய முன்னரே மழை. வழக்கம்போல அவர்தான் மகளைக் காரில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார். ரெயின் வர இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.

“அஜந்தி.”

“என்னப்பா?”

“ஏதும் கஷ்டமெண்டால் சொல்லு பிள்ளை. நான் ஏசமாட்டன்.”

அவள் கார்க் கண்ணாடியில் துடைப்பான் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்தது போலிருந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

“ஒண்டுமில்லையப்பா. இண்டைக்குச் சோதினை. அதுதான் யோசினை.”

“சரி. நல்லாச் செய்.”

அவள் இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு மழையில் ஓடி ரெயினில் ஏறினாள். ரெயின் மறைந்த பிறகும் அவர் காரை எடுக்கவில்லை.

போன வருடம் மாசியில் லொறியோடு வைலேக்குச் சாமான் ஏற்றப் போனபோது, அங்குள்ள களஞ்சியத்தில் மஞ்சள் மேலங்கியோடு பெட்டி அடுக்கிக்கொண்டு நின்ற மகளை அவர் கண்டார்; அவள் அவரைக் காணவில்லை. “சோதனையில் தவறிப் படிப்பை விட்டிட்டு வந்தவள், ஆனால் நல்ல வேலைக்காரி” என்றான், அவர் தகப்பனென்று அறியாத மேற்பார்வையாளன். அன்றிலிருந்து, அவள் வாயால் சொல்லட்டும் என்று, ஒவ்வொரு விடியலும் அவளை அந்த வேலைக்குக் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருக்கிறார்.