ஆள் வருமா

புறநகரில் கலையரங்கம் கட்டினால் ஆள் வருமா என்று ஆய்வு செய்ய நல்லசிவம் வந்து இறங்கியபோது, அதற்குப் பார்த்திருந்த காலிமனையில் வீட்டு நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. பட்டுப்புடவையும் சலவைச் சட்டையுமாக ஊரே உட்கார்ந்திருந்தது. எதிரே மேடை இல்லை, வெறும் முட்புதர்.

"நாங்க வருவோமான்னு பாக்கத்தானே சார் வர்றீங்க? அதான் வந்துட்டோம்," என்றாள் முன்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த மெஹருன்னிசா.

'கூட்டம் தேறாது' என்று காலையில் வீட்டிலிருந்தபடியே அறிக்கை அனுப்பிவிட்டுத்தான் அவன் வந்திருந்தான். அதைச் சொல்லிவிடலாம் என்று புதருக்கு முன்னால் போய் நின்றான். பேச்சுச் சத்தம் சட்டென்று அடங்கியது. பின்வரிசையில் யாரோ இருமலை அடக்கிக்கொண்டார்கள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் கூப்பினான்.

கைதட்டல் நிற்கவே இல்லை.